பேசாத மிக்கியும் பேசும் பேயும்

ஒரு தீம் பார்க். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பேய் வீடு. நாற்பது ஐம்பது பேரை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விளக்கு அணைகிறது. கும்மிருட்டு. ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு குரல் கதை சொல்கிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், வீலென்று கத்துகிறார்கள், மறுபடி சிரிக்கிறார்கள். என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அப்பா, என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அடுத்த வரியைத் தவறவிடக்கூடாதே என்ற அவசரத்தில் "இரு, அப்புறம் சொல்றேன்" என்றேன். கதவு திறந்தது, வெளியே வந்தோம். அடுத்த வரிசை, தாகம், ஐஸ்க்ரீம். சொல்லவே இல்லை.

அப்போது அவளுக்கு ஏழு வயது. இரண்டு காதிலும் காக்ளியர் இம்ப்ளான்ட். அன்று ராத்திரி ஓட்டல் அறையில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் உறைத்தது, அன்று ஒரு நாளில் மட்டும் எத்தனை தடவை அந்த "அப்புறம் சொல்றேன்" வந்திருக்கும் என்று. காது கேளாதோர் மத்தியில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: டின்னர் டேபிள் சிண்ட்ரோம். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் பேசிச் சிரிப்பார்கள், காது கேட்காதவர் என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். கல்யாண வீடு, தீபாவளி என்று எங்கள் வீட்டிலும் அதைச் செய்திருக்கிறோம். ஆனால் சிரிக்க வைப்பதற்கென்றே தலைக்கு நூறு டாலருக்கு மேல் வாங்கும் இடத்தில் அது நடந்தபோதுதான் எனக்குள் இருந்த இஞ்சினியர் முழித்துக்கொண்டான்.

அதன் பிறகு இரண்டு மூன்று வருடமாக நாங்கள் போன பார்க்குகளை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். சினிமா விமர்சனம் எழுதுகிறவர் இருட்டில் குறிப்பெடுப்பது போல நானும் எடுத்தேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது. முக்கியமாக ஆர்லாண்டோவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பற்றித்தான் பேசப்போகிறேன். வசதிகளை ஒழுங்காக யோசித்துச் செய்திருக்கும் இடம் அது. சும்மா இருக்கிற இடத்தைத் திட்டி என்ன பயன்? முயற்சி செய்த இடத்தைத்தான் விமர்சிக்க முடியும்.

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தாகிவிட்டது, இனி எல்லாம் கேட்கும் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. நல்ல காதில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் உள் முடி செல்கள் சுமார் 3,500. இம்ப்ளான்ட்டில் அந்த வேலையைச் செய்யும் மின்முனைகள், கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 வரை. அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து பேசினால், இந்தச் சொற்ப முனைகளை வைத்துக்கொண்டே மூளை அபாரமாகச் சமாளித்துவிடும். எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் அவள் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி வாயாடுவதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். சத்தம் சேர்ந்தால்தான் கதை கந்தலாகிறது. வகுப்பறையில் செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட்கள் சொல்வார்கள். தீம் பார்க்கில் பின்னணி இசை, ரைடின் இரைச்சல், பக்கத்தில் கத்தும் கூட்டம், கான்கிரீட் சுவரில் எதிரொலி. பேச்சு தூக்கலாக இருப்பதாவது! மூழ்காமல் இருந்தாலே பெரிய விஷயம். போதாக்குறைக்கு, திடீரென்று ஒரு வெடிச்சத்தம் வந்தால் பிராசசர் தானாகவே ஒலியை அமுக்கும். அந்த அமுக்கம் விலகுவதற்குள் அடுத்து வரும் மெல்லிய வசனம் போய்விடும். வெடிச்சத்தம், உடனே ரகசியக் குரல் என்பதுதான் இந்த ரைடுகளை வடிவமைப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த உத்தி.

இதையெல்லாம் அவள் ஈடுகட்டுவது உதட்டைப் பார்த்து. இருட்டில் உதடு ஏது?

ஆகவே என் விமர்சனத்தின் முதல் கேள்வி இது: ஒரு ரைடில் கதை எங்கே இருக்கிறது, கண்ணிலா, காதிலா, உடம்பிலா? இந்தக் கேள்வியோடு போனால் பார்க்கின் வரைபடமே மாறிவிடுகிறது.

ஹாண்டட் மேன்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் கலிபோர்னியாவில் வந்தது, 1971-இல் பார்க் திறந்த நாளிலிருந்தே ஆர்லாண்டோவிலும் இருக்கிறது. அதன் முதல் அறை நீண்டுகொண்டே போகும், சுவரில் இருக்கும் படங்களும் கூடவே நீளும். நீள நீளத்தான் படத்தில் இருப்பவர்கள் எந்த ஆபத்தின் மேல் நிற்கிறார்கள் என்று தெரியும். இது முழுக்கக் கண்ணுக்கான நகைச்சுவை, ஒரு வார்த்தை தேவையில்லை. ஆனால் அந்த அறையின் உச்சக்கட்டம் விளக்கு அணைவது. அந்தக் கணத்தில் கதை கண்ணிலிருந்து காதுக்குத் தாவுகிறது. முகமே இல்லாத ஒரு பேயின் குரல்தான் வழிகாட்டி. உதடே இல்லாத கதைசொல்லி! காது கேட்காத குழந்தையை வெளியே தள்ள வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. பிறகு வண்டியில் ஏறியதும் கதை மறுபடி கண்ணுக்கு வருகிறது. நடனமாடும் ஆவிகள், கடைசியில் கண்ணாடியில் நம் பக்கத்தில் வந்து உட்காரும் பேய். அந்த இடத்தில் என் மகள் போட்ட கூச்சல் யாருக்கும் குறைந்ததில்லை.

ஜங்கிள் க்ரூஸ் இதைவிட மோசம். டிஸ்னிலாண்ட் திறந்த 1955-இலிருந்தே இருக்கும் படகு. பிளாஸ்டிக் யானையும் நீர்யானையும் இன்றைக்கு யாரையும் மிரட்டாது. படகை ஓட்டுபவர் அடிக்கும் கடி ஜோக்குகளுக்காகத்தான் கூட்டம் வருகிறது. அவர் மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுகிறார், போச்சு உதடு. ஒவ்வொருவரும் தன் சரக்கைச் சேர்த்துக்கொள்வதால் முன்கூட்டி எழுதிவைத்த வசனம் எதுவும் அந்தச் சரக்கைப் பிடிக்காது. போதாததற்கு அவை வார்த்தை விளையாட்டு. வார்த்தை விளையாட்டை அப்பா மொழிபெயர்த்துச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செத்த எலி மாதிரி இருக்கும்.

இதற்கு நேர் எதிர் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. மேரி பிளேரின் நிறங்கள், ஆடும் பொம்மைகள், ஒரே பாட்டு. அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப வந்து மண்டையைக் குடைவது பற்றிப் புலம்பாத பெற்றோர் இல்லை. என் மகள் படகில் ஏறியதும் இரண்டு காயிலையும் தலையிலிருந்து கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நிம்மதியாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் படகிலேயே பாட்டிலிருந்து தப்பித்த ஒரே ஜீவன் அவள்தான்.

அப்புறம் மிக்கி. இத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்குத் தோன்றாத விஷயம் இது. பெரிய தலை மாட்டிய உருவங்கள் வழக்கமாகப் பேசுவதில்லை. மிக்கி, மின்னி, கூஃபி எல்லாரும் வெறும் கை, தோள், இடுப்பு. கிட்டத்தட்ட நம் கூத்துக் கலைஞர்களின் உடல்மொழி. இளவரசிகள்தான் பேசுவார்கள், அவர்களுக்கு முகம் திறந்திருக்கிறது. வரிசையில் நிற்கும் எல்லாக் குழந்தைகளும் மிக்கியிடம் போனதும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். கேள்வி கேட்டால் பதில் வராத ஆளிடம் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் மகளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. "உன் மூக்கு ஏன் இவ்வளவு பெரிசு?" என்று கையால் கேட்டாள். மிக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கியது. அந்த ஐந்து நிமிடத்தில் அவள்தான் அந்த ஊர்க்காரி, மற்றவர்கள் டூரிஸ்ட்.

சரி, வசதிகள் என்ன? அமெரிக்காவில் 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுமக்கள் வரும் இடங்களில் தகவல் பயனுள்ள முறையில் போய்ச் சேர வேண்டும் என்கிறது. அதன்படி டிஸ்னி பார்க்கின் விருந்தினர் சேவை அலுவலகத்தில் கைக்கு அடக்கமான ஒரு கருவி தருகிறார்கள். முன்பணம் கட்டினால் போதும், திருப்பிக் கொடுத்ததும் பணமும் திரும்பி வரும். வண்டி ஒவ்வொரு காட்சியைக் கடக்கும்போதும் கருவி தானாகவே இடத்தை உணர்ந்து வசனத்தை எழுத்தில் காட்டும். யாரும் பட்டனைத் தட்ட வேண்டாம். ஒரு மென்பொருள்காரனாக அந்த ஒத்திசைவுக்கு என் வணக்கம். திரையரங்கு மாதிரியான சில காட்சிகளில் பிரதிபலிப்பு கேப்ஷன் இருக்கிறது. பின் சுவரில் எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடி பிம்பமாக ஓடும். உங்கள் முன்னால் ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தினால், எழுத்து நேராகி, மேடைக்குக் கீழே மிதப்பது போலத் தெரியும். பக்கத்து சீட்காரருக்கு எதுவும் தெரியாது. இந்த யோசனையைத் திரையரங்குகளுக்காக 1990களில் வளர்த்தெடுத்தது பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் தொலைக்காட்சி நிலையம். 1972-இல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியைக் கேப்ஷனோடு தந்ததும் அவர்கள்தான். இவை எதுவும் வேண்டாம் என்றால் வசனம் அச்சிட்ட தாளும் கூடவே ஒரு சின்ன டார்ச்சும் தருகிறார்கள். இருட்டில் படிக்க டார்ச் தர வேண்டும் என்று யோசித்த அந்த முகம் தெரியாத ஊழியர்தான் என் ஹீரோ.

குறை எங்கே என்றால், கேட்பவருக்குக் கண்ணும் காதும் இரண்டு தனித்தனிக் குழாய்கள். ஒரே நேரத்தில் இரண்டிலும் தண்ணீர் வரும். கேப்ஷன் படிப்பவருக்கு ஒரே குழாய். கருவியைப் பார்த்தால் பேயைத் தவறவிடுவாள், பேயைப் பார்த்தால் வசனம் போய்விடும். வண்டியோ நிற்காது. ரைடின் வேகம் இரண்டு குழாய்க்காரர்களுக்காகக் கணக்கிட்டது. ஒற்றைக் குழாய்க்காரருக்கு அதே வேகத்தில் கேப்ஷனைக் கொட்டிவிட்டு வசதி செய்துவிட்டோம் என்பது பாதி உண்மைதான். பிரதிபலிப்புத் தகடு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், எழுத்தும் காட்சியும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. கேப்ஷன் என்றால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ரைடுகளில் ஏறுபவர்களில் நாலு வயதுக்காரர்கள் எத்தனை பேர்! சைகை மொழி என்றால் சைகை மொழி தெரிந்திருக்க வேண்டும். சில நாட்களில் சில மேடை நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்க சைகை மொழி பெயர்ப்பாளர்கள் வருகிறார்கள். முதல் தடவை அப்படி ஒரு நிகழ்ச்சியில் தற்செயலாக முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையைவிட அந்தப் பெண்ணைத்தான் என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியவில்லை. பாதி கேட்கும், மெதுவாகப் படிப்பாள், சைகை தெரியாது. இம்ப்ளான்ட் வைத்த எத்தனையோ குழந்தைகள் நிற்பது இந்த நடு இடத்தில்தான். வசதிப் பட்டியலில் இவர்களுக்குப் பெட்டியே இல்லை.

அதே கருவிக்கு ஒரு நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கேப்ஷனில் முழு வசனமும் ஒரே நேரத்தில் வந்துவிடும், குரல் அதை மெதுவாகச் சொல்லி முடிக்கும். ஒரு காட்சியில் அவள் அரங்கத்துக்கே முன்னால், தனியாக, "ஹா!" என்று சிரித்தாள். ஒன்றரை விநாடி கழித்துத்தான் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரிட்சைத் தாள் முதலிலேயே கிடைத்தவளின் பார்வை.

ரோலர் கோஸ்டர் தனி ரகம். கதை முழுக்க உடம்பில். அங்கே எல்லாரும் செவிடுதான், காற்றும் கூச்சலும் தவிர யாருக்கும் எதுவும் கேட்காது. இவளுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் பிராசசர் பறந்துவிடும் என்பதால் ஏறுமுன் கழற்ற வேண்டும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. கழற்றுகிறாள், கம்பி இறங்கிப் பூட்டுகிறது, அதற்குப் பிறகுதான் ஊழியர் மைக்கில் கடைசி எச்சரிக்கைகளைச் சொல்கிறார். பெயர் சொல்லாத இன்னொரு பார்க்கில் ஒரு இளைஞர் இவளைப் பார்த்து மறுபடி மறுபடி ஏதோ கத்தினார். இவள் சிரித்துத் தலையாட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொன்னாராம். அதைப் புரிந்துகொண்டு நான் அவள் நெற்றியைப் பிடித்துத் தள்ளினேன். மென்பொருளில் இதை ரேஸ் கண்டிஷன் என்போம். இரண்டு வேலைகளும் தனித்தனியே சரி, வரிசை தப்பினால் விபத்து. தீர்வுக்குப் பணமே வேண்டாம். சீட்டுக்கு எதிரே ஒரு படம், அல்லது எல்லா ஊழியர்களுக்கும் நாலு கைச்சைகை. விமானப் பணிப்பெண்கள் தினமும் செய்வதுதானே?

வாட்டர் பார்க்கிலும் இதே கதைதான். பிளாஸ்டிக் சறுக்கில் உருவாகும் நிலைமின்சாரம் கருவிக்கு ஆகாது, கழற்றிவிடுங்கள் என்று ஆடியாலஜிஸ்ட்கள் சொல்வதுண்டு. தண்ணீர் புகாத உறை இருக்கிறதுதான், ஆனால் ஈரம், மூட்டை, நச்சு. நாங்கள் கழற்றிவிடுவோம். அதாவது வருடத்தின் மிகச் சந்தோஷமான நாளில் அவள் முழுக்கக் கேட்காதவள், நாங்கள் முழுக்க ஊமைகள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அடம் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து ஓட்டை விழுந்த வாக்கியங்களை நிரப்பி நிரப்பி மூளை களைத்திருக்கும். முதல் வருடம் இது தெரியாமல் நான் திட்டியிருக்கிறேன். இப்போது மூன்றிலிருந்து நான்கு வரை நிழல், பிராசசர் கழற்றல், மௌனம்.

டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் மார்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்று ஒரு பார்க் இருக்கிறது. 2010-இல் திறந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். அதை உருவாக்கிய கோர்டன் ஹார்ட்மன் அதற்குக் காரணமாகச் சொல்லும் சம்பவம்: விடுமுறையில் நீச்சல் குளத்தில் அவர் மகள் மார்கன் மற்ற குழந்தைகளோடு விளையாடப் போனாள், அவர்கள் மெல்ல விலகிப் போய்விட்டார்கள். இதைப் படித்ததும் என் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். கருவி, கேப்ஷன், டார்ச் எல்லாம் வசனம் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டுமே பார்க்கின்றன. பக்கத்தில் இருக்கிறவனோடு அவள் ஏதாவது பேச முடிந்ததா என்று எந்தக் கருவியும் பார்ப்பதில்லை.

போன விடுமுறைக்குச் சென்னை போனபோது ஈசிஆரில் விஜிபிக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சிலை மனிதரைப் பார்க்க. நானும் சின்ன வயதில் அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றவன்தான். பேச்சு கிடையாது, அசைவு கிடையாது, கேப்ஷன் தேவையில்லை. அந்நிய ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர், இவள் ஒருத்தி, எல்லாரும் அவர் முன்னால் குரங்குச் சேட்டை. பத்தே நிமிடத்தில் இவள் ஒரு கோஷ்டிக்குத் தலைவி. இந்திய பார்க்குகளை இந்த ஒரு ஆளை வைத்துப் புகழ்ந்துவிட முடியாது. 2016-இன் உரிமைச் சட்டம் இருக்கிறது, அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிக்கெட் கவுன்டரில் கேப்ஷன் என்று நான் கேட்டபோது கிடைத்த பார்வையை எழுத வேண்டாம்.

கடைசியாக, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். ஆர்லாண்டோவில் ஒரு மத்தியானம், படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். அப்பா கரையில், அம்மாவும் இரண்டு பையன்களும் படகில். நடுவே தண்ணீர், எஞ்சின் சத்தம், இசை. அவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், கைகளால். படகு வளைவில் திரும்பும் வரை பேச்சு நிற்கவில்லை. எனக்கு அதே தூரத்தில் என் மனைவியிடம் "தண்ணி பாட்டில் எங்கே?" என்று கேட்க முடிந்திருக்காது. என் மகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, என்ன பேசறாங்க?" என்றாள். இந்தத் தடவை எனக்கும் தெரியவில்லை.

இம்ப்ளான்ட் வைத்தபோது ஒரு பயிற்சியாளர், சைகை பழக்கினால் பேச்சு வராது என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நம்பினோம். பின்னால் தேடிப் படித்தபோது அந்தக் கருத்தின் வேர் 1880 மிலான் மாநாடு வரை போகிறது என்று தெரிந்தது. பெரும்பாலும் காது கேட்கும் ஆசிரியர்கள் கூடி, பள்ளிகளில் பேச்சு முறையே சிறந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே மாநாட்டின் 2010 வான்கூவர் கூட்டத்தில் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம்! எங்கள் பயிற்சியாளருக்கு அந்தத் தபால் இன்னும் போய்ச் சேரவில்லை போல. பேச்சும் வரட்டும், கையும் வரட்டும் என்று இப்போது மூவரும் வாரத்துக்கு இரண்டு மாலை சைகை மொழி வகுப்புக்குப் போகிறோம். அவள் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். என் விரல்கள் கீபோர்டுக்குப் பழகியவை, வளைய மறுக்கின்றன.

இந்த வருடம் வாட்டர் பார்க்கில் அவள் சறுக்கின் உச்சியில், நான் கீழே குளத்தில். பிராசசர்கள் லாக்கரில். மேலிருந்து என்னவோ நீளமாகக் கையசைத்தாள். 'பயம்' தெரிந்தது, 'இல்லை' தெரிந்தது, நடுவில் இருந்தது தெரியவில்லை. மறுபடி சொல்லு என்றேன் கையால். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. 'அப்புறம்' என்று ஒரு சைகை காட்டிவிட்டுச் சறுக்கிவிட்டாள். கீழே வந்ததும் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே மறுபடி மேலே ஓடினாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.